அணுபுரத்தில் வரிசை மாறி ஓடிய படம்

1997 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. மதியம் ஒன்றரை மணிக்குத் தாம்பரத்தில் செங்கல்பட்டு மின்ரயில் ஏறினேன். டிக்கெட் ஐந்து ரூபாய். கையில் ஒரு சாக்குப்பை, அதற்குள் மூன்று தகர டப்பாக்கள். ஒரு கறுப்பு வெள்ளைப் படம் முழுசாக அந்த மூன்றுக்குள் இருந்தது. கல்பாக்கம் அணுசக்தி ஊழியர்களின் அணுபுரம் குடியிருப்பில் படச் சங்கம் நடத்தும் நண்பர்கள், நல்ல படமாக ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். சிபாரிசு செய்தவன் நான் என்பதால் சுமக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. இந்தப் படத்தைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவேன். சில நண்பர்கள் என்னைக் கண்டதும் தெரு மாறிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வடக்கே எங்கோ ஒரு கிராமம். குத்தகை நிலத்தை உழும் அப்பா, அம்மா, ஒன்பது வயதுப் பெண். பாட்டு கிடையாது. அம்மா பானையைச் சுரண்டும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு அவள் சாப்பிடப்போவதில்லை என்று நமக்குத் தெரிந்துவிடும். ஏழைகளைக் காட்டி நம்மை அழவைக்க அந்த இயக்குநர் ஓரிடத்திலும் மெனக்கெடவில்லை. அவர்கள் சண்டை போடுவதையும் சிரிப்பதையும் பக்கத்து வீட்டிலிருந்து பார்ப்பதுபோல் காட்டிக்கொண்டே போகிறார். மூன்றாவது ரீல் தொடங்கும்போதே அந்தப் பெண்ணைப் பாம்பு கடித்திருக்கும். பிழைக்கமாட்டாள்.

அதுதான் எனக்குக் கவலை. என் அக்கா அணுபுரத்தில் இருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய ஒரே மகள் வாணி மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கும் ஒன்பது வயதுதான். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் அக்கா எதிரில் வாணியின் பேரை எடுப்பதில்லை. அக்கா வருகிறாள் என்றால் போட்டோவைக்கூடக் கழற்றி பீரோவில் வைத்துவிடுவோம். படத்துக்கு வராதே என்று போனில் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன்.

“நீ தூக்கிகினு வர்ற படத்த நான் பாக்கக்கூடாதாடா?” என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாள்.

செங்கல்பட்டு நெருங்கும்போது ரயில் ஜன்னலில் கொளவாய் ஏரி தெரிந்தது, பாதிதான் தண்ணீர். செங்கல்பட்டில் இறங்கி, பஸ் நிலையத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தேன். கண்டக்டர் பையைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

“இன்னா சார் பையில? இம்மாங் கனமா கீது?”

“சினிமாப் படம்.”

“ஃபைட்டு கீதா?”

“இல்லை.”

“பாட்டு?”

“அதுவும் இல்லை.”

“அப்புறம் இன்னாத்துக்கு சார் இதப் போயி தூக்கிகினு அலையறே?” என்றவர், ஐந்து ரூபாய் டிக்கெட்டோடு இரண்டு ரூபாய் லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தார். திருக்கழுக்குன்றத்து மலை கடந்து, வேர்க்கடலைக் கொல்லைகளும் நடவு முடிந்த வயல்களும் கடந்து போகும்வரை அவர் கேள்வியையே யோசித்துக்கொண்டிருந்தேன். 

நான்கரைக்கு அக்கா வீடு. மாமாவுக்கு மதிய ஷிப்ட், இரவுதான் வருவார். அக்கா பஜ்ஜி போட்டாள், என் தலைமுடி கொட்டியதைக் கிண்டல் செய்தாள். கூடத்தில் எல்லாம் பளிச்சென்று இருந்தன. வாணி இருந்தபோது அந்த வீட்டில் காலை வைக்க இடம் இருக்காது. நான் ஒரு திட்டத்தோடுதான் வந்திருந்தேன். சங்கத்தில் ஒரே புரொஜக்டர். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு மாற்றுவார்கள். இரண்டாவது ரீல் முடிந்ததும் “பசிக்குதுக்கா” என்று அவளை வீட்டுக்கு இழுத்து வந்துவிட வேண்டும். என் பசிக்கு முன்னால் அக்காவுக்கு எந்தப் படமும் பெரிதில்லை.

ஆறரைக்குச் சமூகக் கூடத்தில் படம் தொடங்கியது. ஐம்பது பேர் இருப்பார்கள். புரொஜக்டரை ஓட்டியவர் கோயம்புத்தூர்க்கார இளம் எஞ்சினியர். சினிமா என்றால் உயிர். முதல் ரீலில் அந்தச் சின்னப் பெண் அம்மா ஒளித்துவைத்த வெல்லத்தைத் தேடி வீட்டைத் தலைகீழாக்குகிறாள். அக்கா சிரிக்கவில்லை. ஆனால் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ரீல் மாறியது. விளக்கு அணைந்தது. திரையில் வரப்பின் மேல் நாலு ஆண்கள் ஓடி வருகிறார்கள். ஒருவர் தோளில் அந்தப் பெண். கை தொங்குகிறது.

இது மூன்றாவது ரீல்! முன்பு போட்டவர்கள் சுற்றி வைக்கும்போது டப்பாவை மாற்றிவிட்டிருக்கிறார்கள். எழுந்து நிறுத்தச் சொல்லலாம் என்று கையை ஊன்றினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மா மகளின் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுவதையும், அது காய்ந்ததும் மடித்துவைக்க இடம் தெரியாமல் நிற்பதையும், கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் வாசல் கதவைச் சாத்திவிட்டு ஊரைவிட்டுப் போவதையும் கண்கொட்டாமல் பார்த்தாள். என் கை வலித்தது. அவள் விடவேயில்லை.

விளக்கு வந்தது. “அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?” என்று பின்னால் ஒருவர் கேட்டார். எஞ்சினியர் தலையில் அடித்துக்கொண்டார். “டப்பா மேல ரெண்டுன்னுதாங்க போட்டிருக்குது! நடு ரீல் பாக்கி இருக்குதுங்க. போடட்டுங்களா, வேண்டாங்களா?”

பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். நானும் எழுந்தேன். “பசிக்குதுக்கா, போலாம்.”

“போடுங்க தம்பி,” என்றாள் அக்கா.

போட்டார். செத்துப்போன பெண் எருமை மேல் உட்கார்ந்து வந்தாள். நானும் இந்தப் படத்தைப் பலமுறை பார்த்தவன்தான். அந்த ரீலை ஏதோ கதையை நகர்த்துகிற பகுதி என்றே நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்தப் பெண் மூக்கைத் துடைத்தாலும் அழகாக இருந்தது. அவள் புளியங்காய்க்குச் சண்டை போட்டாள். அப்பாவின் முண்டாசைக் கட்டிக்கொண்டு அவரைப்போல் இருமிக் காட்டினாள். அக்கா சிரித்தாள். சத்தமாக, வாயைப் பொத்தாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ரீலின் கடைசியில் அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். குளத்திலிருந்து பெண் பதில் குரல் கொடுக்கிறாள். கீழே எழுத்து வந்தது: ‘இதோ வரேம்மா.’ அத்தோடு திரை வெள்ளையாகிவிட்டது.

எஞ்சினியர் அக்காவிடம் வந்து கையைப் பிசைந்தார். “மன்னிச்சுக்கோங்க்கா. வரிசை மாறிப்போச்சுங்க.”

“பரவால்ல தம்பி. எனக்கு தெனம் இப்டித்தான் ஓடுது. கண்ண மூடுனா மொதல்ல ஆஸ்பத்திரி. அது முடிஞ்சாத்தான் அவ வருவா.”

வீடு வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு நடந்தேன். நாங்கள் எல்லாரும் ஆஸ்பத்திரியோடு எழுந்து வந்துவிட்டவர்கள்.

மறுநாள் ஞாயிறு. டப்பாக்களைச் சங்கத்தில் ஒப்படைத்துவிட்டு, சென்னைக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போவதாகச் சொன்னேன். “மாமல்லபுரம் வரைக்கும் நானும் வர்றேன்,” என்று அக்கா கிளம்பினாள். பதினைந்து கிலோமீட்டர்தான். கடலில் கால் நனைத்தோம். சுண்டல் இரண்டு ரூபாய், மணல் இலவசம். பிறகு வெண்ணெய் உருண்டைப் பாறைக்குப் போனோம். பிள்ளைகள் அந்தச் சரிவில் வரிசையாகச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வாணி இங்கதான் பாவாடைய பின்னால கிழிச்சுகினா,” என்றாள்.

நான் சட்டென்று கடல் பக்கம் திரும்பி, காற்று நன்றாக இருக்கிறது என்று ஏதோ உளறினேன். பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அங்கே வந்ததும் அக்கா கேட்டாள்.

“ஏன்டா, அவளப் பத்தி நீங்க யாருமே ஒண்ணும் கேக்க மாட்டேன்றீங்க?”

“நீ அழுவியேன்னுதான்க்கா.”

“அழுதா இன்னாடா? அழுதுகினே சொல்வேன். கேக்க ஆளில்லாமத்தான்டா நான் ஆஸ்பத்திரியிலயே நிக்கறேன்.”

சென்னை பஸ் வந்து நின்றது. “ஏறு சார், ஏறு,” என்று கண்டக்டர் அவசரப்படுத்தினார். பஸ்ஸைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

“இன்னா கலர் பாவாடைக்கா அது?” என்று கேட்டேன்.