வராத குரங்கு

ஞாயிறு காலை, பால் பூத் வரிசையில் நிற்கும்போதுதான் வைத்தி அண்ணா போய்விட்டார் என்று சொன்னார்கள். என் கையிலிருந்த பாட்டில் நழுவிச் சிதறியது. "கோயி பாத் நஹீ, ஹோ ஜாதா ஹை" என்றார் பூத்காரர். பரவாயில்லை, ஆகிவிடுவதுதான் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

எங்கள் அலுவலகத்தில் யாருக்கு மெமோ வந்தாலும் விளக்கம் எழுதித் தருபவர் வைத்தி அண்ணாதான். "பஸ் நின்னுபோச்சு, கூலர் ஒழுகிடுச்சுன்னு எல்லாம் தானா நடந்த மாதிரி எழுதலாம்டா. ஆனா அதுல எவன் தலை உருளும்னு பார்த்துக்கோ" என்பார்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் டெஸ்பாட்ச் பிரிவையே ஒற்றைக் கையால் ஓட்டியவன். மந்திரியே என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். என் குரங்குக் கதை டெல்லி கரோல்பாக் தமிழர்கள் உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கன்றுக்குட்டி அளவு குரங்கு ஜன்னல் வழியே வந்து, என் டீயை ஊதி ஊதிக் குடித்து, மிச்சத்தை மந்திரியின் ஃபைலில் கொட்டியது. நான் அதை மொட்டைமாடி வரை துரத்தினேன். பொங்கல் கூட்டம் தவறாமல் சிரித்திருக்கிறீர்கள்.

அப்புறம் நடந்ததை நான் சொன்னதில்லை. ஜன்னல் சாத்துவது பியூன் ராம்தீனின் வேலை. தற்காலிக ஆள், மூன்று பெண் குழந்தைகள். குரங்கு வந்ததென்றால் ஜன்னல் திறந்திருந்தது என்றுதானே அர்த்தம்? மெமோ அவனுக்குப் போனது. வேலையே போயிருக்கும்.

வைத்தி அண்ணா என் மேஜைக்கு வந்தார்.

"குரங்கு ஊதிக் குடிச்சுதா?"

"ஆமாண்ணா. சூடா இருந்துதே."

அவர் சிரிக்கவில்லை. "கை தவறுறது யாருக்கும் வரும்டா. அதுக்கு எதுக்கு ஒரு குரங்கு, ஒரு ராம்தீன்?"

இங்கிலீஷில் மூன்று வரி தட்டெழுதி வந்து, தமிழில் படித்துக் காட்டினார். டீயைக் கொட்டியது நான். கை தவறிவிட்டது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. கையெழுத்துப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. மாலை வரை காத்திருந்தார். பிறகு, ஜன்னலைத் திறந்தது தாம்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ராம்தீன் பிழைத்தான். அண்ணாவின் பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது.

என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பொங்கல் கூட்டத்தில் நான் குரங்கைத் துரத்த ஆரம்பித்ததும் தண்ணீர் குடிக்க எழுந்து போவார், அவ்வளவுதான்.

நான் கையெழுத்துப் போடாத அந்தத் தாள் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அவருடைய காரியம் முடிந்து வந்து, நேற்று அதில் கையெழுத்துப் போட்டேன். அன்று குரங்கு எதுவும் வரவில்லை. டீயைக் கொட்டியது நான்.