ஜனாதிபதி வாங்காத நோட்டீஸ்

“ஜனாதிபதிக்குக் கோர்ட் நோட்டீஸ் வந்தா, அதை யாரு கையெழுத்துப் போட்டு வாங்கணும்?”

சித்தி இதைக் கேட்டபோது நான் பள்ளிப் படிப்பை முடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. குடிமையியலில் தொண்ணூற்றொரு மதிப்பெண். ஜனாதிபதியின் அதிகாரங்களை வரிசையாக ஒப்பிக்கத் தெரியும். அவர் கையில் ஒரு காகிதத்தைச் சேர்ப்பது எப்படி என்று எந்தப் பாடத்திலும் இல்லை. தெரியாது என்றேன்.

“தொண்ணூத்தொண்ணு வாங்கி என்ன பிரயோஜனம்” என்று சித்தி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சித்தி அம்மாவின் தங்கை, எங்களோடு இருப்பவள். கோர்ட் நோட்டீஸை உரியவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவள் உத்தியோகம். பத்தொன்பது வருடமாக இதே வேலை. தோள்பையில் நோட்டீஸ் கட்டு, கைநாட்டு வைக்க மைப்பட்டை, ஒரு டப்பா பசை, தேய்ந்துபோன பிரஷ். ஆள் இருந்தால் கையெழுத்து வாங்க வேண்டும். வீடு பூட்டியிருந்தால் இரண்டு சாட்சிகள் முன்னால் கதவில் ஒட்ட வேண்டும். ஆள் இருந்தும் வாங்க மறுத்தால், மறுத்ததற்குச் சாட்சி வேண்டும். அப்போது மறுத்ததே வாங்கியதற்குச் சமம். சித்தி தெருவில் நுழைந்தாலே சிலர் பின்வாசல் வழியாக ஓடுவார்கள். “பசையம்மா வருது” என்று பிள்ளைகள் முன்கூட்டியே கத்தும். அதற்கெல்லாம் அவள் அசரமாட்டாள். அவளை அசைத்துப் பார்த்தது இந்த ஒரு நோட்டீஸ்தான்.

வழக்கு ஒரு தையல்காரம்மாவுடையது. பஸ் கண்டக்டரான அவர் மகன் வேலைநிறுத்தக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசினான். மறுநாள் காலையில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். குற்றப்பத்திரிகை கிடையாது, விசாரணை கிடையாது. நாட்டின் பாதுகாப்புக்காக அடைத்து வைக்கச் சொல்லி ஜனாதிபதி கையெழுத்திட்ட ஒரு பக்க ஆணை மட்டும்தான். அப்படி ஆணையிட அவருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதே சட்டம், முப்பது நாளுக்குள் அந்த ஆணையை நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் அது செல்லாது என்றும் சொல்கிறது. முப்பது நாள் போனது. யாரும் எங்கேயும் வைக்கவில்லை. மகன் உள்ளேயே இருந்தான். தையல்காரம்மா மனுப் போட்டார். ஆணையில் கையெழுத்துப் போட்டவருக்கு நோட்டீஸ் அனுப்பச் சொன்னார் நீதிபதி.

சித்தி முதலில் ஜனாதிபதி மாளிகை வாசலுக்குப் போனாள். வாசல் காவலர் நோட்டீஸைத் தொடாமலே படித்தார்.

“இதெல்லாம் இங்க வாங்க மாட்டோம்மா. செயலாளர் ஆபீஸுக்குப் போங்க.”

செயலாளர் அலுவலகம் நகரத்தின் மறுகோடியில். அங்கே இருந்த எழுத்தர், “வழக்குன்னா சட்ட அமைச்சகம்தான்” என்றார். சட்ட அமைச்சகத்தில் மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. அங்கே ஓர் அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, “நோட்டீஸ் யாரு பேர்ல இருக்கு? ஜனாதிபதி பேர்ல. அப்ப ஜனாதிபதி மாளிகைக்குத்தானே போகணும்?” என்றார்.

“அங்கேருந்துதான் சார் வர்றேன்.”

“அப்ப வழி தெரியும். நல்லதாப் போச்சு.”

விசாரணை நாளில் அரசு வழக்கறிஞர் எழுந்து, எதிர்த் தரப்புக்கு நோட்டீஸே போய்ச் சேரவில்லை என்றார். வழக்கு நான்கு வாரம் தள்ளிப்போனது. சித்தி மறுபடி போனாள். அதே வாசல், அதே மூன்றாவது மாடி, அதே ஓடாத லிஃப்ட். மறுபடி நான்கு வாரம். இந்த முறை நீதிபதியே சலித்துப்போய்ச் சொல்லிவிட்டார்: நான்கு வாரம் கழித்து வரும் விசாரணை வெள்ளிக்கிழமைக்குள்ளும் நோட்டீஸ் சேராவிட்டால் மனுவை முடித்து வைப்பேன், புதிதாகத்தான் போட வேண்டும். புதிதாகப் போட்டால் வரிசையில் கடைசி. இன்னும் ஆறு மாதம் என்று பொருள்.

அந்த வெள்ளிக்கிழமை வரவிருந்த வாரம் தையல்காரம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே வந்திருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“ஊருக்கெல்லாம் கதவுல ஒட்டுறியே, அந்தாளு கதவுல ஒட்ட உனக்குக் கை வரலையா?”

“அங்க கதவு எங்கக்கா இருக்கு? கேட்டுலேருந்து கதவு அரை மைல். கேட்டுல ஒட்டலாம்னா சாட்சிக் கையெழுத்துப் போட ஒருத்தன் வரமாட்டேங்கிறான். எதிர்ல நிக்கிற டாக்ஸிக்காரனைக் கேட்டேன். வண்டியை எடுத்துட்டே போயிட்டான்.”

“என் பிள்ளை உள்ள கிடக்கிறான்.”

“எனக்குத் தெரியும்க்கா.”

“உனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புதன்கிழமை மூன்றாம் முறையாக வாசலுக்குப் போனாள். அதே காவலர்.

“நீங்க விடமாட்டீங்க போலிருக்கே.”

“வாங்கிட்டா நான் ஏன் சார் வர்றேன்? மறுக்கிறதுன்னா உங்க பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

“பேரெல்லாம் சொல்ல முடியாது. மேலிடத்து உத்தரவு. இந்தாங்க, சீட்டை வாங்கிட்டுக் கிளம்புங்க.”

அந்த வாசலில் ஒரு நடைமுறை இருந்தது. உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும் ஒவ்வொருவருக்கும் காவலர் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பு யாரோ பெரிய இடத்து மாப்பிள்ளையைத் தெரியாமல் திருப்பி அனுப்பி இரண்டு காவலர்களுக்கு வேலை போயிருந்தது. அன்றிலிருந்து, நாளைக்குத் தன் தலை உருளக்கூடாது என்று எல்லாரும் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திவிடுவார்கள்.

சித்தி வாசல் ஓரமாக நின்று, பசை டப்பா மூடியில் வழிந்திருந்ததை அந்தச் சீட்டால் துடைக்கப் போனாள். துடைக்கும் முன் முதல் தடவையாக அதைப் படித்தாள்.

‘வந்த நோக்கம்: ஜனாதிபதிக்கான நீதிமன்ற நோட்டீஸ். முடிவு: மேலிட உத்தரவின்படி பெற மறுக்கப்பட்டது.’ கீழே தேதி, நேரம், காவலரின் பெயர், கையெழுத்து, மாளிகை முத்திரை.

வாயைத் திறந்து சொல்ல மறுத்த பெயரை அந்த மனிதர் அழகான கையெழுத்தில் எழுதியே கொடுத்திருந்தார்.

சித்தி வீட்டுக்கு வந்ததும் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். அடியில் பசையோடு காய்ந்து அப்பளம் போல் விறைத்துக் கிடந்தன இரண்டு சீட்டுகள். முதல் தடவை கொடுத்தது ஒன்று, இரண்டாம் தடவை கொடுத்தது ஒன்று. இரண்டிலும் பிரஷ்ஷைத் துடைத்திருந்தாள். ஓரத்தில் ‘மறுக்கப்பட்டது’ மட்டும் தப்பியிருந்தது.

“ரெண்டு தடவை நாலு நாலு வாரம். ஐம்பத்தாறு நாள். நான் பார்க்காம விட்டதுக்கு அந்தப் பையன் ஐம்பத்தாறு நாள் உள்ள கிடந்திருக்கான்” என்றாள். அம்மா ஏதோ ஆறுதல் சொல்லப் போனாள். “பேசாத” என்றாள் சித்தி.

வெள்ளிக்கிழமை நானும் கோர்ட்டுக்குப் போனேன். அரசு வழக்கறிஞர் வழக்கம்போல் எழுந்து வழக்கம்போல் சொன்னார். சித்தி சீட்டை நீட்டினாள். நீதிபதி அதை இரண்டு முறை படித்தார்.

“இதுல மேலிடம்னு போட்டிருக்கே, அது யாரு?” என்று அரசு வழக்கறிஞரைக் கேட்டார்.

“எனக்குத் தெரியாது, கனம் நீதிபதி அவர்களே.”

“மாளிகையே முத்திரை குத்தி, வாங்க மாட்டோம்னு எழுதிக் கொடுத்திருக்கு. நோட்டீஸ் சேர்ந்தாச்சு. வழக்கை எடுக்கிறேன்.”

ஜனாதிபதி மேல் வழக்கே போட முடியாது என்றார் வழக்கறிஞர். “அவரை யாரும் கூண்டுல ஏத்தலை. அவர் போட்ட ஆணையைத்தான் ஏத்தியிருக்கு. முப்பது நாளுக்குள்ள நாடாளுமன்றத்துல வெச்சீங்களா, இல்லையா?” என்றார் நீதிபதி. வழக்கறிஞர் அவகாசம் கேட்டார். மூன்று மணி வரை கிடைத்தது.

மூன்று மணிக்கு ஒரு புதுக் காகிதத்தோடு வந்தார். ஜனாதிபதி கருணை கூர்ந்து கண்டக்டரை விடுவித்துவிட்டாராம். ஆகவே வழக்கை முடித்துவிடலாமாம். தையல்காரம்மா இருந்த இடத்திலிருந்தே எழுந்தார்.

“கருணை எதுக்குங்க? தப்புன்னு எழுதச் சொல்லுங்க.”

உட்காருங்கள் என்று நீதிபதி அவரை அதட்டினார். பிறகு அதைத்தான் எழுதினார். முப்பதாம் நாளோடு ஆணை காலாவதி ஆகிவிட்டது. அதன் பிறகு அடைத்து வைத்த தொண்ணூற்றேழு நாளும் சட்டவிரோதம். அதற்கு ஜனாதிபதி அலுவலகம் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்.

கண்டக்டர் மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சித்தி அந்த இரண்டு விறைத்த சீட்டுகளை எடுத்துக்கொண்டு தையல் கடைக்குப் போனாள். யாரும் கேட்காமல், தானாகவே எல்லாவற்றையும் சொன்னாள். தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் திட்டினார். பத்தொன்பது வருஷமா என்னத்தைக் கிழிச்சே, எழுதினதைப் படிக்கத் தெரியாதவளுக்கு எதுக்குக் கோர்ட் வேலை என்றெல்லாம் திட்டினார். கடைசியில் தையல்காரம்மா களைத்துப்போய், “இன்னும் எத்தனை பேர் பிள்ளை உள்ள இருக்கோ. அவங்களாவது படிச்சுப் பார்க்கட்டும். போய்ச் சொல்லு” என்றார்.

சித்திக்குப் பேச்சு வராது, கோபம்தான் வரும். அதனால் நான் எழுதுகிறேன். மாளிகை வாசலோ மூன்றாவது மாடியோ, உங்களை எங்கே திருப்பி அனுப்பினாலும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், கொடுத்ததை அங்கேயே நின்று படியுங்கள். உள்ளே யாரையோ வைத்துக்கொண்டு வெளியே அலைகிற ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதை அவரிடம் சொல்லுங்கள். அவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.