ஏழாம் எண் ஸ்லைடு

எங்கப்பா சின்ன காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போட்டவர். சாயத் தொழிலாளர்களுக்கு வரும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்தான் என் ஆராய்ச்சி. அது அப்பாவுக்கே வந்தபோது, "உன் ஆராய்ச்சிக்கு என்னோடதையும் எடுத்துக்கோமா, யாருக்காவது உதவட்டும்" என்றார்.

ஆய்வில் பெயர் எழுதக்கூடாது. அப்பா ஏழாம் எண் ஆனார். கட்டியிலிருந்து எடுத்த சதையை மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றினால்தான் மைக்ரோஸ்கோப்பில் செல்கள் தெரியும். அதை நானே செய்தேன்.

நான் ஆய்வை வாசிக்கவிருந்த கருத்தரங்குக்கு முந்தின வாரம் அவர் இறந்துபோனார். "அவரு ஆசப்பட்டாரு, போயிட்டு வா" என்று அம்மாதான் அனுப்பினாள்.

அரங்கத்தில் ஏழாம் எண் ஸ்லைடு திரை முழுக்க ஊதாவும் ரோஸுமாக விரிந்தது.

"சாயம் அருமையா பிடிச்சிருக்கும்மா!" என்றார் முன்வரிசையில் இருந்த பேராசிரியர். "பேஷன்ட் இப்ப எப்படி இருக்கார்?"

"இறந்துட்டார் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். குரல்கூட உடையவில்லை. பேசி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "அது எங்கப்பான்னு சொன்னியாமா?"

"சொன்னேன்மா."

பெயர் சொல்லக்கூடாது என்பது விதிதான். ஆனால் அந்த விதி எனக்கு அன்றைக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அடுத்த மாதம் இன்னொரு கருத்தரங்கு. அதற்கும் அப்பா என்னோடு வருகிறார், ஏழாம் எண்ணாக.