கீழ்வீட்டுக் கிற்றார்

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், என்னுடைய கட்டில் மத்தியானத்தில் பாடத் தொடங்கும். முதலில் கால்கள் அதிரும், பிறகு சட்டம், பிறகு என் பற்கள். நான் லாசாலில் ஒரு பேக்கரியில் இரவு வேலை செய்கிறவன். ஊர் சாப்பிட உட்காரும் நேரம் எனக்கு நடுச்சாமம். கட்டிலைப் பாடவைத்தவர் கீழ்வீட்டு ரேஜான், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. அவருக்கு ஒரேயொரு பைத்தியம்: இங்கிலாந்துக்காரர் ஒருவரின் புளூஸ் ரொக் கிற்றார். அந்த மனிதர் வெளியிட்ட இசைத்தட்டுகள் அத்தனையும் அவரிடம் இருந்தன.

"அப்பா, நீங்கள் பிரெஞ்சு வகுப்புக்குப் போனனீங்கள்தானே. போய்ச் சொல்லுங்கோ," என்றாள் மகள் ஆரணி. அவளுக்குப் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் கூட வரமாட்டாள். என் பிரெஞ்சு அவளுக்கு வெட்கம்.

படியிறங்கும்போதே வசனத்தைப் பாடமாக்கினேன். கதவு திறந்ததும், "முசியே, லா மியூசிக், சே த்ரோ ஃபோர்," என்றேன். சத்தம் கூடிப்போச்சு என்று அர்த்தம். 'ஃபோர்' என்றால் உரத்தது மட்டுமல்ல, அபாரம் என்றும் இங்கே பொருள் கொள்வார்கள் என்பதை வகுப்பில் ஒருவரும் சொல்லித்தரவில்லை. ரேஜானின் முகம் மலர்ந்தது. "சே ஃபோர், ஹேன்!" என்று என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதிரையில் இருத்தி, சத்தத்தை இன்னும் கூட்டினார்.

அன்று நித்திரைக்குப் பதிலாக ஒரு கிற்றார்காரரின் வாழ்க்கை கிடைத்தது. முதல் தட்டில் பஸ்ஸைத் தவறவிட்டவனைப்போல் ஓடுகிறார். மேடையில் பதிந்த அடுத்ததில் ஒரே பாட்டு ஒரு பக்கம் முழுவதையும் தின்றுவிடுகிறது. பிறகு குழு உடைந்து, பல வருடங்கள் ஒன்றுமே வெளிவரவில்லை. அந்த வருடங்களை ரேஜான் வெறுங்கையை விரித்துக் காட்டினார். கடைசித் தட்டில் குரல் கரகரத்துவிட்டது. ஒரு தந்தியை இழுத்து வளைத்துவிட்டு, அது தானாக அடங்கும்வரை மனிதர் காத்திருக்கிறார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்றித்தான் கசெற்றில் பாட்டுக் கேட்டோம். கை அலுத்தால் பாடகிக்கு ஆண்குரல் வந்துவிடும். "சுத்தடா, சுத்து!" என்று அண்ணை கத்துவார். சத்தம் காணாது என்று சண்டை பிடித்த வீட்டிலிருந்து வந்தவன், இங்கே சத்தம் கூடிவிட்டதென்று முறையிடப் போயிருந்தேன்.

அதன்பின் ரேஜான் எனக்காகவே தினமும் சத்தத்தைக் கூட்டினார். என் கண்கள் சிவந்திருப்பதைப் பார்த்து ஆரணி பொறுக்கமுடியாமல், படியில் அவரை மறித்து உண்மையைச் சொல்லிவிட்டாள். அன்றே கட்டில் வாயை மூடிக்கொண்டது. நான் ஆசை தீரத் தூங்கினேன், பொய் சொல்லவில்லை. ஆனால் பிறகு முனைக்கடைத் தெப்பனரில் கண்டபோது ரேஜான் "போன்ஷூர்" என்றுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். இந்த நகரத்தில் என்னை இருத்திவைத்துக் கதைத்த முதல் ஆள் அவர்.

மறுநாள் ஆரணியையும் இழுத்துக்கொண்டு கீழே போனேன். "முசியே, பா அசே ஃபோர்," என்றேன். சத்தம் காணாது! ரேஜான் சந்தேகத்தோடு ஆரணியைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"அப்பா, இந்தமுறை என்ன சொல்லுறீங்கள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ எண்டு கேட்கிறார்."

"ஓம் எண்டு சொல்லு. சனி, ஞாயிறு எனக்கு லீவு எண்டும் சொல்லு."

ரேஜான் வயிறு குலுங்கச் சிரித்தார். சனியும் ஞாயிறும் எங்கள் இசைநாட்களாகின.

இந்தக் கோடையில் அந்தக் கிற்றார்காரரே மொன்றியலுக்கு வந்தார். ரேஜான் என்னையும் கூட்டிப்போனார். கிழவர் ஒரு முக்காலியில் இருந்து வாசித்தார்; விரல்களில் மட்டும் வயது ஏறவில்லை. வணங்கிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனதும் மண்டபம் எழுந்தது. முன்வரிசைப் பிரெஞ்சுக்காரர்கள் "ஊன் ஓத்ர்! ஊன் ஓத்ர்!" என்று இன்னொரு பாட்டுக் கேட்டார்கள். பின்வரிசை ஆங்கிலக்காரர்களோ அதையே "ஆங்கோர்!" என்று பிரெஞ்சுச் சொல்லால் கேட்டார்கள். எதில் கேட்பதென்று நான் யோசித்து முடிப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது: "இன்னொருக்கா! ஐயா, இன்னொருக்கா!"

ரேஜான் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் தொண்டை கிழியக் கத்தினார்: "இன்னோக்கா!"

திரை விலகிக் கிழவர் திரும்ப வந்தார். முன்வரிசை தாங்கள் கூப்பிட்டதற்கு வந்தார் என்றது, பின்வரிசையும் அப்படியே. நடுவில் நின்ற நான் அவர் எங்கள் வரிசையைப் பார்க்கிறாரா என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.