கூடைக்காரிக்கு நிற்காத டிராம்

மீன் எண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறினால் எனக்கு டிராம் ஞாபகம் வரும். டிராமைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அதன் மணிச் சத்தத்தைச் சொல்லி உருகுகிறார்கள். ராயபுரம் மீனவர் குப்பத்தில் பிறந்த எனக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் அம்மா காலையில் மீன் கூடையைத் தலையில் சுமந்து தெருத் தெருவாக விற்றுவிட்டு, பொழுது சாய, வெறுங்கூடையோடு டிராமில் திரும்புவாள். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு "கலீஜ்" என்பார். கோட்டுப் போட்டவர் கையைத் தூக்கினால் வண்டி முழுசாக நிற்கும். கூடைக்காரி என்றால் டிரைவர் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பார், அதற்குள் ஏறுவதும் குதிப்பதும் அவள் சாமர்த்தியம்.

ஒருநாள் அம்மா, ஓடுகிற டிராமிலிருந்து இறங்கும்போது, ஏணியிலிருந்து இறங்குவதுபோல வண்டியைப் பார்த்தபடியே காலைக் கீழே வைத்தாள். தரையில் பட்ட கால் அங்கேயே நின்றது, உடம்பு மட்டும் வண்டி போன பக்கமே போய், முழங்கால் கருங்கல்லில் மோதியது. பிற்பாடு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இதற்குச் "சடத்துவம்" என்று பெயர் சொல்லி, விழுகிறவனைப்போல நடித்தும் காட்டியபோது வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

வண்டி அன்று நிற்கவே இல்லை. மறுநாள் குப்பத்துப் பெண்கள் போய் நியாயம் கேட்டதற்கு, டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தண்டவாளத்துல போற வண்டி, நெனச்ச எடத்துல நிக்காதும்மே" என்றாராம்.

அம்மா எழுந்து நடமாடியபோது அந்தக் கால் மடங்கவில்லை. ஓடுகிற வண்டியில் இனி அவளால் ஏற முடியாது, குதிக்கவும் முடியாது. அத்தனை தூரம் நடந்து திரும்பவும் முடியாது. டிராம் நின்றால்தான் வியாபாரம், வியாபாரம் இருந்தால்தான் எங்களுக்குச் சோறு.

பெண்கள் கூடிப் பேசினார்கள். ஒரு சாயங்காலம், படகுக்குப் பூசும் மீன் எண்ணெயைக் கந்தலில் நனைத்து, ஸ்டாப்பிங்குக்கு முன்னால் இரண்டு தண்டவாளத்திலும் நீளத்துக்குத் தேய்த்துவிட்டார்கள். ஆள் நிரம்பி, பாரம் தாங்காமல் முனகிக்கொண்டு வந்தது டிராம். கோட்டுக்காரர் ஒருவர் கையைத் தூக்க, டிரைவர் பிரேக்கைச் சுற்றினார். சக்கரம் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. ஸ்டாப்பிங்கைத் தாண்டி, வெற்றிலைக் கடையையும் தாண்டி வழுக்கிக்கொண்டே போய், முன்னால் நின்ற மாட்டுவண்டியை இடிக்க ஒரு முழம் இருக்கையில் ஓய்ந்தது. டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை.

அம்மா விந்தி விந்தி அவரிடம் போய் நிதானமாகச் சொன்னாள்: "தண்டவாளத்துல போற வண்டி நைனா, நெனச்ச எடத்துல நிக்குமா?"

மறுநாளிலிருந்து டிராம் எங்கள் பெண்களுக்கு முழுசாக நின்றது. இரக்கத்தால் அல்ல, பயத்தால். அந்தப் பயம் எங்களுக்கு இனித்தது.

பிறகு டிராமே ஒழிந்தது, தண்டவாளத்தின் மேல் தார் போட்டார்கள். அம்மாவின் கால் கடைசிவரை மடங்கவில்லை. சென்ற மாதம், பழைய சென்னையைப் பற்றி எழுதுகிற இளைஞர் ஒருவர் வந்து, டிராமைப் பற்றி இனிமையாக ஏதாவது சொல்லச் சொன்னார். எதிரே ரோட்டில், கூடையோடு ஒருத்தி பஸ்ஸுக்குக் கை காட்டினாள். பஸ் அவளைத் தாண்டிப் போயிற்று.

"அது எங்களுக்கு நிற்காது" என்றேன், பஸ் போன திசையைப் பார்த்தபடியே.

அவர் எழுதிக்கொண்டு, மணிச் சத்தம் எப்படியிருக்கும் என்று கேட்டார்.