தோரிகாவின் பின்னறை

தோரிகா என் அத்தை மகள். ஆகவே அவளைத் திட்ட எனக்கு உரிமை உண்டு, என்னைத் திட்ட அவளுக்கும் உண்டு. இந்த வதுலேவு தீவில் அந்த உரிமையை நாங்கள் இருவரும் குறைவில்லாமல் அனுபவித்திருக்கிறோம். அப்படிப்பட்ட நானே அவளைப் புகழ வாய் திறக்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது.

எங்கள் ஊரில் கடை நிலைக்காது. கேட்டவனுக்கு இல்லை என்று சொல்வது இங்கே முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். ஊர் முழுக்க மாமனும் மச்சானும்தான். யார் போய் ஒரு டின் மீன் கேட்டாலும் கடைக்காரன் எடுத்துக் கொடுத்தே ஆகவேண்டும். இப்படியே வரிசையாக மூன்று கடைகளைத் தின்று ஏப்பம் விட்டோம். கடைசியாகத் தின்றது தோரிகாவின் புருஷன் கடையை. அவன் வெறுத்துப்போய்க் கப்பல் வேலைக்குக் கிளம்பிவிட்டான். மூடிய கடையை அவள் திறந்தாள். அவளும் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. பாய் முடைந்து விற்று அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சர்க்கார் ஒரு யோசனையோடு வந்தது. அதற்கு முந்தைய பெரும்புயலில், நிவாரணக் கப்பல் வந்து சேர்வதற்குள் கிணறெல்லாம் உப்பும் சேறுமாகி, அதைக் குடித்த இரண்டு குழந்தைகளை வயிற்றுப்போக்கில் பறிகொடுத்தோம். ஒன்று தோரிகாவின் சின்னவள், மிலிகா. தேவாலயத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறாள்.

தலைநகர் சுவாவிலிருந்து பேரிடர்த் துறை அம்மாவும் தனிராம் என்ற மொத்த வியாபாரியும் ஒரே படகில் வந்து இறங்கினார்கள். பேச்சு இதுதான்: புயல் பருவம் தொடங்கும் முன்பே அரிசி, பிஸ்கட், டின் மீன், தார்ப்பாய், குடிநீர் கேன் எல்லாவற்றையும் வியாபாரி எங்கள் ஊர்க் கடையில் இறக்கிவிடுவார். காற்று அடித்தால் கடைக்காரர் ஊருக்குப் பங்கிட வேண்டும், விலையைச் சர்க்கார் கொடுக்கும். அடிக்காவிட்டால் பருவம் முடிந்தபின் கடையிலேயே விற்றுக்கொள்ளலாம்.

ஊர்க்கூடத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

"கருவாட்டுக்குப் பூனைய காவல் வைக்கிறீங்களேம்மா!" என்றேன் நான். "எங்க ஊருக்குள்ள வந்த அரிசி மூட்டை அடுத்த ஞாயித்துக்கிழமையப் பாத்ததே கிடையாது."

தோரிகா எழுந்தாள். "நான் வெச்சுக் காப்பாத்தறேன்."

எங்கள் தலைவர் ரது பிலிமோனி தொண்டையைக் கனைத்தார். "சரிம்மா, போன் கோபுரம் விழுந்துட்டா யார் உத்தரவு குடுப்பா?"

"விழத்தான் விழும்," என்றார் அந்த அம்மா. "உத்தரவுக்குக் காத்திருக்காதீங்க. நீங்களும் கடைக்காரம்மாவும் சேர்ந்து திறங்க. காத்து அடிச்சதே உத்தரவுதான்."

அந்தப் பதிலுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. சர்க்கார் சிமெண்ட் அனுப்பியது, தனிராம் இரும்புக் கதவு அனுப்பினார், கடைக்குப் பின்னால் நாங்களே அறையைக் கட்டினோம். சரக்கு வந்து இறங்கியதும் தோரிகா நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"மச்சான், உனக்கு வாய்தான் நீளமாச்சே. என் கல்யாணத்துக்கு வந்த திமிங்கிலப் பல்லு இருக்கு. அதை ரதுகிட்டக் குடுத்து எனக்காகப் பேசு."

"எதுக்குடி?"

"மீன் பெருகட்டும்னு பவளத் திட்டுக்குத் தடை போடறாரில்ல? அதே தடைய என் பின்னறைக்கும் போடணும்."

திமிங்கிலப் பல்லை வாங்கிய கை எதையும் மறுக்க முடியாது. ரது வாங்கினார். தாமே நடந்து வந்து இரும்புக் கதவில் தடையின் அடையாளமாக இளந்தென்னை ஓலையைக் கட்டினார். "காத்து வந்து அவுக்கிற வரைக்கும் இதை நானும் தொடமாட்டேன்," என்றார். பூட்டென்றால் என் அக்காளே உடைத்திருப்பாள். ஓலையைப் பார்த்ததும் கடையின் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

எல்லாம் யோசித்தோம், மருமகனை மறந்துவிட்டோம். தாய்மாமன் வீட்டில் எதையும் கேட்காமல் எடுக்க அக்காள் தங்கை மகனுக்கு உரிமை உண்டு. தலைவரின் மருமகன் என்றால் மாமன் ஆளும் ஊரே அவனுக்கு மாமன் வீடு. ரதுவின் அண்ணன் இறந்தபோது, பக்கத்துத் தீவிலிருந்து அவருடைய தங்கை மகன் செவனாயா ஆட்களோடு துக்கத்துக்கு வந்தான். கடல் கொந்தளித்து, துக்க விருந்துக்கான சரக்குப் படகு வரவில்லை. அவன் நேரே கடைக்கு நடந்தான்.

"கதவைத் திற."

"ஓலை கட்டியிருக்குங்க," என்றாள் தோரிகா.

"எங்க மாமன் கட்டின ஓலைதானே? மாமனோடது எல்லாம் என்னோடது."

"இது உங்க மாமனோடது இல்லீங்க. சர்க்காரும் வியாபாரியும் வெச்சது."

"சர்க்காருக்குத் தங்கச்சி இல்லியா? இருந்தா நான் அவ மகன்னு வெச்சுக்கோ!"

அவன் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன், நல்ல பகடிதானே. ரது தன் வீட்டு வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் கையை மாமன் பிடிக்க முடியாது.

தோரிகா குரலை உயர்த்தவில்லை. முன்கடையின் கதவுகளை அகலத் திறந்துவிட்டாள்.

"உரிமையோட வந்திருக்கீங்க, வெறுங்கையோட அனுப்பமாட்டேன். இங்க இருக்கறது முழுக்க என்னோடது. ஒண்ணு விடாம எடுத்துக்கங்க. பின்னால பன்னிங்க நிக்குது, அதையும் ஓட்டிக்கங்க. துக்க வீட்டுக்கு நான் குடுக்கறது."

சொல்லிவிட்டுப் போய் இரும்புக் கதவின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். செவனாயா சண்டையை எதிர்பார்த்து வந்தவன். தன்னுடையதெல்லாம் தந்துவிட்டவளிடம் இன்னும் பிடுங்கினால் அவன் ஊரே அவனைக் காறித் துப்பும். முன்கடையை வாரிக்கொண்டு போனான். சர்க்கரை, சோப்பு, மண்ணெண்ணெய், ஒன்றும் மிஞ்சவில்லை.

அவன் போனதும் நான் அவள்மேல் பாய்ந்தேன். "புத்தி இருக்காடி உனக்கு? எவனோ வெச்ச சரக்குக்காக உன் கடையவே துடைச்சுக் குடுத்துட்டியே!"

"அந்த அறையில தண்ணி இருக்கு மச்சான்," என்றாள். தேவாலயப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அந்தப் பருவம் முடிவதற்குள்ளேயே புயல் வந்தது. பள்ளிக்கூடத்துக்குள் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்து தப்பித்தோம். வெளியே வந்து பார்த்தால் போன் கோபுரம் சாய்ந்து கிடந்தது. மரவள்ளித் தோட்டமெல்லாம் வழித்துப் போட்டாற்போல் இருந்தது, கிணற்றில் கடல் புகுந்திருந்தது. தோரிகாவின் முன்கடைக்குக் கூரையே இல்லை. பின்னறை மட்டும் அசையாமல் நின்றது. ஓலையைக் காற்று பிய்த்துக்கொண்டு போயிருந்தது, முடிச்சு மட்டும் தொங்கியது. ரது அதை அவிழ்த்தார். தோரிகா கதவைத் திறந்தாள். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குத் தண்ணீர் கேன் முதலில் போயிற்று, பிறகு மற்றவர்களுக்கு. மூன்று கடைகளைத் தின்ற அந்த ஊரில் ஒருவர்கூட இரண்டாம் முறை கை நீட்டவில்லை. என் அக்காளும்தான்.

கடல் கொஞ்சம் அடங்கியதும் ஒரு படகு வந்தது. செவனாயா. இந்த முறை கடைக்கு நடந்து வரவில்லை. கரையிலேயே மணலில் உட்கார்ந்து, தலை குனிந்து, கைகளைக் குவித்து மெல்லத் தட்டினான். எங்களில் கெஞ்சிக் கேட்பவன் உட்காரும் முறை அது.

"அக்கா, எங்க தீவுல குடிக்கத் தண்ணி இல்ல. கேக்கறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அன்னிக்கு மருமகனா வந்து வாரிக்கிட்டுப் போனான், இன்னிக்குக் கும்பிடு போடறான். இருக்கறது நமக்கே பத்தாது, கப்பல் என்னிக்கு வருமோ!" ஊரும் என்னோடு சேர்ந்து முணுமுணுத்தது.

ரது அவளைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

"கேட்டவங்களுக்கு நான் என்னிக்கு இல்லேன்னு சொல்லியிருக்கேன்?" என்றாள் தோரிகா. பிறகு செவனாயாவிடம் திரும்பினாள். "எழுந்திருங்க. மொதல்ல தண்ணி கேனை ஏத்துங்க, அரிசி அப்புறம். பசிய சின்னப் புள்ளைங்க தாங்கும். அந்தக் கிணத்துத் தண்ணிய தாங்காது."

அவன் படகு நிறைந்தபின் மிச்சத்தை என் படகில் ஏற்றினாள். வழி நெடுக அவனைத் திட்டிக்கொண்டேதான் கொண்டுபோய் இறக்கினேன்.

கப்பல் வந்தபோது பின்னறையும் முன்கடையைப் போலவே துடைத்துக் கிடந்தது. பேரிடர்த் துறை அம்மா இரண்டையும் பார்த்துவிட்டு, "இங்க சேதம் எவ்வளவு?" என்று கேட்டார். தோட்டத்தையும் கூரைகளையும் சொன்ன ரது, தீர்ந்துபோன சரக்கைச் சேதத்தில் சேர்க்கவில்லை. அந்த முறை எங்கள் ஊரில் ஒரு குழந்தையையும் புதைக்கவில்லை. செவனாயாவின் ஊரிலும் இல்லை.