தண்ணியா, இரும்பா?

2024 ஜனவரி 9, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.20. காலைப் பனிமூட்டம் கலைந்து வெயில் அடித்தது. கிழக்கே மட்டும் கருமேகம். புளத்கொகுபிட்டியவுக்கு மேலேயுள்ள தோட்டப் பாடசாலையில் ஒரு சிறிய போத்தலோடும் வலுவான ஒரு காந்தத்தோடும் நின்றேன்.

போத்தலுக்குள் ஆறு மில்லிலீட்டர் காந்தத் திரவம். எண்ணெயில் மிதக்கும் இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைகள்; ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் எட்டாயிரம் வரை வரிசையாக அடுக்கலாம். பல்கலைக்கழகத்தில் முப்பத்தொரு வருடம் நான் ஆராய்ந்தது இவற்றைத்தான். ஓய்வுபெற்ற மாதம் நிரப்பிய போத்தல் அது. ஒன்பது வருடமாகத் திறக்கவில்லை. துணிக்கைகள் கட்டிபட்டு அடியில் படிந்திருக்குமோ என்று கேகாலையிலிருந்து வந்த இரண்டு பஸ்களிலும் கவலைப்பட்டேன். மூடியை ஏழு தடவை இறுக்கினேன்.

தலைமை ஆசிரியை உயர்தர விஞ்ஞான வகுப்பு தொடங்க முயன்றுகொண்டிருந்தார். பன்னிரண்டு பேர் வேண்டும். பதினொரு பேர்தான் சேர்ந்திருந்தார்கள். அன்றுதான் கடைசி நாள். இன்னும் முடிவெடுக்காத பெற்றோருக்கு எதையாவது காட்டுங்கள் என்று என்னை அழைத்திருந்தார். ஒன்பது பேர் வந்திருந்தார்கள்; முப்பது வருடம் ஆராய்ந்தவர் என்று என்னை அறிமுகப்படுத்தினார்.

காந்தத்தைத் திரவத்தில் படவிடக் கூடாது, பட்டால் பிரிக்க முடியாது என்று மூன்று முறை எச்சரித்தேன். பிறகு காந்தத்தை மேசையிலிருந்த போத்தலுக்கு அருகே கொண்டுபோனேன். மேசை இரும்புச் சட்டம் போட்டது என்பதை நான் கவனிக்கவில்லை. காந்தம் என் விரல்களிலிருந்து பாய்ந்து சட்டத்தில் அறைந்தது. வழியில் போத்தல் உடைந்தது.

கறுப்புத் திரவம் மேசையில் ஒரு கணம் தேங்கி நின்றது. பிறகு தானாகவே காந்தத்தை நோக்கி ஊர்ந்து, அதன்மேல் ஏறி, முள்முள்ளாக எழுந்து நின்றது. ஒன்பது வருடத்தில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. முட்களை எண்ணத் தொடங்கினேன். நாற்பதுக்கு மேல் முடியவில்லை, பெற்றோர் சூழ்ந்துகொண்டார்கள்.

"பலாக்கா மாதிரியில்ல நிக்குது" என்றார் இறப்பர் மரத்தில் பால்வெட்டும் ஒருவர்.

தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு நேரே வந்திருந்த ஒரு தாய் குனிந்து பார்த்தார். "ஏங்கய்யா, இது தண்ணியா, இரும்பா?"

"ரெண்டும்தாங்க."

"முப்பது வருசம் படிச்சும் ஒரு முடிவுக்கு வரலீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். நல்ல கேள்வி அது. துணிக்கைகள் காந்தத்தால் இழுபடுகின்றன, எண்ணெய் அவற்றை ஓடவும் விடுகிறது, உள்ளே இழுத்தும் பிடிக்கிறது, இரண்டுக்கும் நடக்கும் இழுபறிதான் அந்த முள் என்று சொன்னேன். தன் மகளும் இப்படித்தான் எதையாவது கேட்டு உயிரை வாங்குவாள் என்றார் அவர். தலைமை ஆசிரியை உடனே பெயர்ப் பட்டியலை நீட்டினார். அந்தத் தாய் பேனாவைத் தொடவில்லை.

"பௌதிகவியலுக்கு இங்க டீச்சர் இல்லீங்களே. டவுன் டியூஷனுக்கு நாங்க எங்கங்க போறது?"

வெளியே இடி இடித்தது. எனக்கு முழங்கால் வலி, பஸ் ஆகாது, மழை அறவே ஆகாது.

"சனிக்கிழமையில நான் வர்றேங்க" என்றேன்.

"மழை பேஞ்சாலுங்களா?"

"பேஞ்சாலுங்க."

கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடம் நவம்பர் பரீட்சை வரை எண்பத்துநான்கு சனிக்கிழமைகள் போனேன். கட்டணம் ஏறியதும் இறங்கியதும் சேர்த்து, பஸ்ஸுக்கு மட்டும் 21,470 ரூபாய்.